கணவர் பொய் சொல்லச் சொன்னால் அதற்கும் கீழ்ப்படிய வேண்டுமா?

திராட்சைக்கொடி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. மாமனார் விட்டுப்போன நிலத்தைக் கணவர் போன மாதம் விற்றார். நாத்தனார் வெளியூரில் இருப்பதால் அண்ணனை நம்பிப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். இவர் இப்போது விலையைக் குறைத்துச் சொல்லிப் பங்கு கொடுக்கப் போகிறார், நாத்தனார் கேட்டால் நானும் அதே தொகையைச் சொல்ல வேண்டுமாம். முடியாது என்றேன். மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 5:22-ஐ வாசித்துக் காட்டி, "நீ எதிர்ப்பது என்னை இல்லை, வசனத்தை" என்கிறார். சபையில் மூத்த சகோதரி ஒருவரிடம் விஷயத்தை மேலோட்டமாகச் சொல்லிக் கேட்டேன், அவரும் "அடங்கிப் போ, பாவம் அவர் தலையில்" என்றார். அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

மரக்கலம்:
சகோதரி, இது அப்படியே அப்போஸ்தலர் 5-இல் இருக்கிறது. அனனியா நிலத்தை விற்றுக் கிரயத்தில் ஒரு பங்கை அப்போஸ்தலரிடம் மறைக்கிறான், மனைவி சப்பீராளுக்கும் அது தெரியும். மூன்று மணி நேரம் கழித்து அவள் வரும்போது பேதுரு அவளிடம் தனியாகக் கேட்கிறார், நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று. ஆம் என்றாள். புருஷனோடு ஒத்துப்போனாள் என்று அவளை யாராவது விட்டார்களா? அவள் சொன்ன பொய்க்கு அவளேதான் கணக்குக் கொடுத்தாள், அங்கேயே விழுந்து இறந்தாள். "பாவம் அவர் தலையில்" என்ற ஆறுதல் இந்தப் பகுதியில் கிடையாது.

கிணற்றடி:
22-ஐ வாசிக்கிறவர்கள் 21-ஐ ஏன் தாண்டிப் போகிறார்கள்? "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்" என்றுதான் பவுல் ஆரம்பிக்கிறார். வத்திக்கான் பிரதி போன்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22-இல் வினைச்சொல்லே இல்லை, 21-இல் இருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 6-ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் சொல்லும் இடத்தில் வருவது வேறு கிரேக்கச் சொல், நம் தமிழ் வேதத்தில் இரண்டுமே "கீழ்ப்படி" ஆகிவிட்டது. நான் புருஷனே வீட்டுக்குத் தலை என்று நம்புகிறவன்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் 25-ஆம் வசனத்தில் அந்தத் தலைக்கு மாதிரி யார்? சபைக்காகத் தம்மையே கொடுத்த கிறிஸ்து. தங்கை பங்கை எடுத்துக்கொள்வதற்கு அந்த வசனத்தைத் தூக்குவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

நெல்லைச் சகோதரன்:
எல்லாம் சரி, ஆனால் 1 பேதுரு 3:1-ஐயும் பாருங்கள். போதனையின்றி நடக்கையினாலே புருஷனை ஆதாயப்படுத்தச் சொல்கிறது. வாதாடாமல் ஜெபியுங்கள்.

மரக்கலம்:
ஜெபிக்கட்டும் சகோதரரே. பொய் சொல்லாமல் இருப்பதும் நடக்கைதானே? அதே பகுதியில் 6-ஆம் வசனம் ஆபிரகாமின் மனைவி சாராளை மாதிரியாகக் காட்டிவிட்டு, நன்மைசெய்து பயப்படாதிருங்கள் என்கிறது. ஆதியாகமம் 21:12-இல் சாராள் சொல்வதைக் கேள் என்று தேவனே ஆபிரகாமிடம் சொன்னார், இதை யாரும் கல்யாணப் பிரசங்கத்தில் எடுப்பதில்லை. அப்புறம் ஒன்று, உயில் இல்லாவிட்டால் 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பவர் வாங்கினவர் வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். அதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

திராட்சைக்கொடி:
சப்பீராள் கதையை ஓய்வுநாள் பள்ளியில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், என் வீட்டோடு சேர்த்து யோசித்ததே இல்லை. நாத்தனாரிடம் நானாகப் போகப் போவதில்லை, முதலில் இவரிடம்தான். இன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் எபேசியர் 5-ஐ இரண்டு பேருமாக வாசிக்கலாமா என்று கேட்கப் போகிறேன், 21-இல் இருந்து. ஜெபித்துக்கொள்ளுங்கள்.