15 வயது மகன் அறையை விட்டே வருவதில்லை, இளைஞர் மன்றத்தில் சேர்த்தால் மாறுவானா?

நாடு மாறி வந்து எட்டு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவன், இப்போது பள்ளி விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறான், கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்ற ஒரே பதில். மற்றவர்கள் பேசுவது புரிகிறதாம், ஆனால் இவன் வார்த்தை தேடி எடுப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறதாம். பக்கத்தில் ஓர் இளைஞர் மன்றம் இருக்கிறது, வாரம் இரண்டு மாலை. அங்கேயும் மூலையில் உட்கார்ந்துவிட்டு வந்தால் இருக்கிற கொஞ்ச தைரியமும் போய்விடுமோ என்று பயம்.

பதில் 1
உட்காரத்தான் போகிறான் அக்கா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் 14 வயதில் இப்படி வந்தவன்தான். மூன்று வாரம் டேபிள் டென்னிஸை வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் நாடகத்துக்கு விளக்குப் போடுகிற பையன் வரவில்லை, என்னை நிறுத்தினார்கள். எந்த சுவிட்சை எப்போது தட்டுவது என்று தெரிந்தால் போதும், இலக்கணம் வேண்டாம். கொஞ்ச நாளில் நான் ஒரு மாலை போகாவிட்டால் "விளக்கு எங்கே?" என்று தேட ஆரம்பித்தார்கள். அதுவரை என் பெயரைத் தப்பாகத்தான் கூப்பிட்டார்கள், நானும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் "அப்படி இல்லை, இப்படி" என்று திருத்தவே வாய் வந்தது.

பதில் 2
எல்லா மன்றமும் இப்படி இருக்காது, ரொம்ப நம்பிப் போகாதீர்கள். என் மகள் போன இடத்தில் புதிதாக வந்தவர்கள் ஒரு மேசை, மற்றவர்கள் ஒரு மேசை. ஒரே கூரை, அவ்வளவுதான். நான்கு மாதத்தில் நின்றுவிட்டாள்.

பதில் 3
நான் ஒரு மன்றத்தில் தன்னார்வலர். மேலே சொன்னது நடக்கிற விஷயம்தான். கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே இதை எழுதிவிட்டார்: வெவ்வேறு கூட்டத்து ஆட்களைப் பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் போதாது, சமமான நிலையில், சேர்ந்து முடிக்கவேண்டிய ஒரு வேலை இருக்கவேண்டும், நடத்துகிறவர்களும் அதற்குத் துணை நிற்கவேண்டும். அதனால் போய்ப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளைகள் சேர்ந்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

மொழி பற்றி அவசரம் வேண்டாம். ஜிம் கம்மின்ஸ் என்பவரின் ஆய்வுப்படி, புது மொழியில் சகஜமாகப் பேச ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும், பாடத்தில் சக மாணவர்களை எட்ட ஐந்து முதல் ஏழு வருடம்கூட ஆகலாம். எட்டு மாதம் ஒன்றுமே இல்லை. மன்றத்தில் மதிப்பெண் கிடையாது, தப்பாகப் பேசினாலும் ஆட்டம் தொடரும்.

நடத்துகிறவரிடம் முன்கூட்டியே பேசி அவனுக்கு ஒரு சின்னப் பொறுப்பு கேளுங்கள். "எங்கள் புது நண்பர், உங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று எழுப்பி நிறுத்தவேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், அதைவிடக் கொடுமை இல்லை. அப்புறம், தன் மொழிக்காரப் பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்காதீர்கள், இரண்டு பக்கமும் கால் வைக்கிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் நன்றாக நிலைக்கிறார்கள். முக்கியமாக, வீட்டுக்கு வந்ததும் விசாரணை வேண்டாம்.

கேட்டவர்
நேற்று இரண்டாவது முறை போனான். சைக்கிள் பழுது பார்க்கிற குழுவில் விட்டிருக்கிறார்கள் போல, விரலெல்லாம் கிரீஸ். எப்படி இருந்தது என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. சோப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.