ஸ்காபரோ – மொன்றியல் ஓட்டத்துக்கு எந்த ரயர்? (கம்ரி 2017)

கம்ரிக்காரன் எழுதியது:

வணக்கம் உறவுகளே. என்னிடம் 2017 ரொயோட்டா கம்ரி எஸ்இ நிற்கிறது. ரயர் அளவு 215/55 ஆர்17, 94வி. மகள் மொன்றியலில் படிக்கிறாள், மாமா மாமியும் அங்கேதான். அதனால் மாதத்தில் இரண்டு மூன்று தரம் குடும்பத்தோடு 401 நெடுஞ்சாலையில் ஏறி 540 கிலோமீற்றர் ஒரே பிடியில் ஓடுவோம். ஞாயிறு பின்னேரம் திரும்பி வருவோம். ஊருக்குள் ஓட்டம் குறைவு, வேலைக்கு நான் பஸ்ஸில் போகிறேன்.

இப்போது கிடக்கிற ஓல் சீசன் நாலும் தேய்ந்துவிட்டன. நிலத்தில் படுகிற தேய்ப்பின் ஆழம் முன்னுக்கு 3/32 அங்குலம், பின்னுக்கு 4/32 என்று ஒயில் மாற்றிய இடத்தில் எழுதித் தந்தார்கள். மழை நாட்களில் லொறிகள் ஓடிப் பள்ளமான தடத்தில் தண்ணீர் நிற்குமே, அதற்குள் இறங்கினால் ஸ்ரியறிங் ஒரு கணம் கையில் பாரமே இல்லாமல் போகிறது. மனைவி கதவுப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறார்.

ஒரு கடையில் மிச்செலின் டிஃபெண்டர் 2 போடு, 80,000 மைல் உத்தரவாதம் என்கிறார்கள். இன்னொரு கடையில் அதே கொம்பனியின் குரொஸ்கிளைமேற் 2. பெறாமகன் தனியாக ஒரு செற் வின்ரர் ரயர் றிம்மோடு வாங்கச் சொல்கிறான். நாங்கள் இருப்பது கொண்டோவில், நாலு ரயர் வைக்க எனக்கு இடமில்லை. மச்சானோ, வின்ரர் ரயர் இல்லாமல் கியூபெக்குக்குள் போனால் பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதும் என்று வெருட்டுகிறார். இதெல்லாம் போக, இப்போதைக்கு முன்னுக்கு மட்டும் இரண்டு போட்டுச் சமாளிக்கலாமோ என்றும் ஒரு யோசனை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

வடலி எழுதியது:

என்னுடைய அக்கோர்டுக்கு டிஃபெண்டர் 2 தான். சத்தம் இல்லை, தேய்கிற மாதிரியும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கோ. (ஆனால் நான் குளிர்காலத்தில் பக்கத்தில் இருக்கிற ஒஷாவாவைக்கூடத் தாண்டுவதில்லை.)

பட்டறை எழுதியது:

வடலி அடைப்புக்குறிக்குள் போட்டதுதான் முழு விசயமும்.

கம்ரிக்காரன் அண்ணை, நான் ஸ்காபரோவில் ரயர் கழற்றிப் பூட்டிப் பிழைக்கிற ஆள். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், விளம்பரம் என்பார்கள்.

முதலில் மச்சானின் கதை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக்கில் வின்ரர் ரயர் கட்டாயம், 200 முதல் 300 டொலர் வரை தண்டம். அதுவரை சரி. ஆனால் அந்தச் சட்டம் கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு. ஒன்ராறியோத் தகட்டோடு போகிற உங்களை அதற்காகத் தண்டிக்கமாட்டார்கள். அதை நினைத்துச் சந்தோசப்படவும் வேண்டாம். 401 முடிந்து கியூபெக்கின் 20ஆம் நெடுஞ்சாலை தொடங்கினவுடன் உங்களுக்கு முன்னால் போகிற கார் எல்லாம் வின்ரர் ரயரில் போகிறது. அவன் பிறேக் பிடித்து நிற்கிற தூரத்தில் உங்கள் 3/32 நிற்காது. பிறகு காப்புறுதிக்காரனோடு கதைக்க வேண்டியது நீங்கள்தான்.

இனி ரயரின் பக்கச்சுவரைப் பாருங்கோ. ஓல் சீசன் என்று விற்கிற எல்லாவற்றிலும் 'எம்+எஸ்' என்று குத்தியிருக்கும். அது தேய்ப்பின் வெட்டு எப்படி இருக்கிறது என்பதை வைத்துப் போடுகிற எழுத்து. பனியில் ஓட்டிப் பார்த்துப் போடுவதில்லை. மூன்று முகடு உள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் கீறியிருந்தால்தான் அந்த ரயரைப் பனியில் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 2014 டிசம்பரில் இருந்து கியூபெக் ஏற்கிறதும் அந்த மலைக்குறியைத்தான். டிஃபெண்டர் 2-இல் அந்தக் குறி இல்லை. குரொஸ்கிளைமேற் 2-இல் இருக்கிறது. பிறிட்ஜ்ஸ்ரோன் வெதர்பீக், நோக்கியன் ரெமெடி டபிள்யூஆர்ஜி5 இரண்டிலும் இருக்கிறது. இவைகளைத்தான் கடையில் ஓல் வெதர் என்பார்கள். வருசம் முழுக்கக் காரிலேயே கிடக்கலாம்.

ஆனால் அந்தச் சோதனை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கோ. இறுகிய பனியில் கார் எவ்வளவு பிடிப்போடு இழுத்துக்கொண்டு கிளம்புகிறது என்பதை ஒரு பொது ரயரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அதில் பிறேக் இல்லை, ஐஸ் இல்லை. மலைக்குறி இருக்கிற இரண்டு ரயர் ஐஸில் ஒரே மாதிரி நிற்கும் என்று எங்கேயும் எழுதியில்லை. உறைமழை பெய்த இரவென்றால் மலையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பயணத்தை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கோ.

80,000 மைல் உத்தரவாதம் கேட்க நல்லாய் இருக்கும். அந்தக் காகிதத்தை ஆறுதலாக வாசித்தால், ரயரை ஒழுங்காக இடம் மாற்றிய பற்றுச்சீட்டு எல்லாம் கேட்கும். நேரத்துக்கு முன் தேய்ந்தாலும் புது ரயர் சும்மா வராது, ஓடின தூரத்தைக் கழித்து மிச்சத்துக்கு விலையில் குறைப்பார்கள். குரொஸ்கிளைமேற் 2-க்கு அது 60,000 மைல். இந்த 20,000 மைல் வித்தியாசத்தை வைத்து ரயர் தெரிவு செய்யாதீர்கள். உங்கள் ஓட்டத்தில் ஜனவரி இரவு ஒன்றுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

முன்னுக்கு மட்டும் இரண்டு போடுகிற யோசனையைத் தயவுசெய்து விடுங்கோ. முன் சில்லு தண்ணீரில் மிதந்தால் கார் நேரே போகும், அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால் திரும்பப் பிடிக்கும். அதைத்தான் உங்கள் கை இப்போது உணர்கிறது. புதிசை முன்னுக்குப் போட்டு 4/32-ஐப் பின்னுக்கு விட்டால், முன் பிடித்திருக்க வால் சுற்றிக்கொண்டு வரும். 110-இல் அதைத் திருப்ப உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. இரண்டுதான் வாங்கக் காசிருக்கிறது என்று வருகிறவர்களுக்கு, முன் சில்லு ஓட்டுகிற கார் என்றாலும் புதிசைப் பின்னுக்குத்தான் பூட்டுவோம். சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும். உங்களுக்கு நாலும் முடிந்துவிட்டது, நாலும் மாற்றுங்கோ.

எழுத்துகளில் 94 என்பது ஒரு ரயர் 670 கிலோ தாங்கும் என்றது. அதற்குக் குறைந்ததை யாரும் மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம், மாமா மாமியும் சாமான் பெட்டியும் ஏறுகிற கார். வி என்பது மணிக்கு 240 கிலோமீற்றர் வேகம். சில ரயர் எச் என்று வரும், அது 210. அந்த வேகத்தில் நீங்கள் ஓடப்போவதில்லை, ஆனால் வி போட்ட ரயரின் சுவர் கொஞ்சம் இறுக்கமாக நிற்கும், காரும் அதற்குத்தான் பழகியது. கிடைத்தால் வி-யையே எடுங்கோ.

மொன்றியல் மைனா எழுதியது:

பட்டறை அண்ணா சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் எங்கள் ஊருக்கு ஓல் வெதர் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். நான் கோத்-டே-நேஜில் இருக்கிறேன். அந்தப் பிரெஞ்சுப் பெயரிலேயே பனியும் இருக்கிறது, மேடும் இருக்கிறது. பெப்ரவரியில் சந்திச் சிவப்பில் நின்றுவிட்டு மேட்டில் திரும்ப எடுக்கும்போது யார் என்ன ரயரில் வந்திருக்கிறார்கள் என்று பின் பம்பரைப் பார்த்தே சொல்வேன். ஒன்ராறியோத் தகடு போட்ட கார் அரைச் சுற்றுச் சுற்றிவிட்டுப் பக்கவாட்டில் நிற்கும். மகளின் வீட்டு வாசலில் இரவு முழுக்க மைனஸ் 25-இல் நிற்கப்போகிற கார் அது, 401-இல் மட்டும் ஓடப்போவதில்லை. வின்ரர் ரயர் தனி செற்தான் என் வாக்கு. றிம்மோடு வாங்கினால் வருசத்துக்கு இரண்டு தரம் மாற்றுகிற செலவும் குறையும். இடம் இல்லாட்டி ரயரைக் காசுக்கு வைத்திருக்கிற கராச்சுகள் இருக்கின்றன.

பட்டறை எழுதியது:

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் மொன்றியலில் குடியிருக்கிறவர், ஒவ்வொரு நாளும் காலமை அந்த மேட்டில் ஏறுகிறவர். அவருக்குத் தனி வின்ரர் செற் தவிர வேறு கதையே இல்லை. அண்ணைக்கு நாள் பார்த்து வெளிக்கிட முடியும். குளிர்காலத்திலும் பெரும்பாலும் உப்புப் போட்ட காய்ந்த நெடுஞ்சாலையில்தான் ஓடுவார். பனி மேகம் வாவியில் இருந்து ஏறி ட்ரென்ரனுக்கும் கிங்ஸ்ரனுக்கும் இடையில் திடீரென்று கொட்டினால் சமாளிக்க ஒரு ரயர் வேண்டும், அதற்கு ஓல் வெதர் காணும். காசும் இடமும் இருந்தால் இரண்டு செற்றுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இடமில்லாத மனிசன் டிசம்பர் கடைசி வரை 'அடுத்த கிழமை மாற்றுவம்' என்று பழசிலேயே ஓடுவதைக் கனக்கப் பார்த்திருக்கிறேன்.

கம்ரிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குரொஸ்கிளைமேற் 2 என்று முடிவெடுத்தாயிற்று. பூட்டி, பலன்ஸ் செய்து, 13 வீத வரியும் போட 1,200 டொலரைத் தாண்டுகிறது. மனைவி வாயே திறக்கவில்லை, அது சம்மதம்தான்.

இரண்டு சந்தேகம். கடைக்காரர், ரயரில் காற்று 51 பிஎஸ்ஐ வரை போடலாம் என்று எழுதியிருக்கிறது, நெடுந்தூரம் ஓடுகிறபடியால் 42 அடித்து விடுகிறேன் என்கிறார். சரியா? மற்றது, பழைய ரயரின் உள்விளிம்பு வெளிவிளிம்பை விடக் கூடத் தேய்ந்திருக்கிறது. புதிசு போட்டால் சரியாகிவிடுமோ?

பட்டறை எழுதியது:

51 என்பது அந்த ரயர் தாங்குகிற உச்சம். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கும். அதுதான் கணக்கு, அதுவும் கார் சில மணித்தியாலம் நின்று ரயர் குளிர்ந்த பிறகு. கூட அடித்தால் நடுத் தேய்ப்பு மட்டும் நிலத்தில் படும், மழையில் பிடி குறையும்.

ஆனால் நீங்கள் கொண்டோ என்றபடியால் ஒன்று சொல்ல வேண்டும். வெப்பநிலை கிட்டத்தட்ட 6 பாகை குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். நிலக்கீழ்த் தரிப்பிடம் 15 பாகையில் இருக்கும்போது தாளில் உள்ள அளவுக்குச் சரியாக அடித்துவிட்டு வெளிக்கிட்டால், மைனஸ் 15-இல் இரவு முழுக்க மகளின் வாசலில் நின்ற காரில் காலமை 5 பிஎஸ்ஐ காணாது. டாஷில் மஞ்சள் விளக்கும் எரியலாம். குளிர்காலத்தில் நிலக்கீழுக்குள் வைத்து அடிக்கிறதாய் இருந்தால் 3, 4 பிஎஸ்ஐ கூட அடியுங்கோ. பத்து டொலருக்கு ஒரு காற்றுமானி வாங்கிக் கையுறைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கோ, பெற்றோல் நிலையத்து மெசினை நம்ப வேண்டாம்.

உள்விளிம்பு தேய்வது சில்லின் கோணப் பிழை. புதிசு போட்டால் புதிசும் அப்படியே தேயும். பழசைக் கழற்ற முன் ஒரு வேலை செய்து பாருங்கோ. உள்ளங்கையைத் தேய்ப்பின் மேல் குறுக்காக, வெளியில் இருந்து உள்ளே தடவுங்கோ, பிறகு உள்ளே இருந்து வெளியே. ஒரு பக்கம் வழவழவென்று போய் மற்றப் பக்கம் வெட்டுவிளிம்பு விரலில் தடக்கினால், சில்லு நேரே உருளாமல் சரிந்து இழுபட்டிருக்கிறது. அலைன்மென்ற் செய்யச் சொல்லுங்கோ. செய்ததற்கு முன்னும் பின்னும் உள்ள அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கோ. தாள் தராத கடையில் செய்ய வேண்டாம்.

குரொஸ்கிளைமேற் 2-இன் வெட்டு அம்பு மாதிரி ஒரு பக்கம் பார்த்தது. பக்கச்சுவரில் சுழல வேண்டிய திசை போட்டிருக்கும். அதனால் இடம் வலம் மாற்ற முடியாது, அந்தந்தப் பக்கத்திலேயே முன்னும் பின்னும் மாற்ற வேண்டும், 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா. விட்டால் பின் ரயர் அலையலையாய்த் தேய்ந்து ஊளையிடத் தொடங்கும், 540 கிலோமீற்றரும் அந்தச் சத்தத்தோடுதான். பூட்ட முன் தயாரித்த திகதியையும் பாருங்கோ. 'டொட்' (DOT) என்று தொடங்குகிற வரிசையில் கடைசி நாலு இலக்கம், 3524 என்றால் 2024-இன் 35ஆம் கிழமை. சில ரயரில் ஒரு பக்கம் மட்டும்தான் அந்த நாலும் இருக்கும், அதனால் றிம்மில் ஏற்ற முன் நிலத்தில் கிடக்கும்போதே புரட்டிப் பாருங்கோ.

அக்டோபர் நடுவுக்குள் நேரம் எடுங்கோ. முதல் பனி விழுந்த கிழமை எங்கள் கடையில் வாசலுக்கு வெளியேயும் வரிசை நிற்கும், அந்த அவசரத்தில் ஒருவன் உங்கள் நட்டை இறுக்குவது நல்லதில்லை. உங்கள் கம்ரிக்கு நட்டை இறுக்க வேண்டிய முறுக்கு 76 அடி-இறாத்தல். காற்றுத் துப்பாக்கியால் மட்டும் இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், முறுக்குமானியால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கோ. 80, 100 கிலோமீற்றர் ஓடின பிறகு திரும்பவும் ஒருக்கா இறுக்கிப் பார்க்க வேண்டும். அதனால் பூட்டின அன்றே மொன்றியலுக்கு வெளிக்கிடாமல், ஒரு இரண்டு நாள் ஊருக்குள் ஓடிவிட்டுப் போங்கோ.

மொன்றியல் மைனா எழுதியது:

முடிவெடுத்தாயிற்று என்றால் சரி. ஆனால் வரும்போது பின்பெட்டியில் ஒரு சவளும், மைனஸ் 40-க்குத் தாங்குகிற கண்ணாடித் தண்ணீரும் வையுங்கோ. கோர்ன்வாலுக்கு இங்கால லொறி எறிகிற உப்புச்சேறு கண்ணாடியை மூடிவிடும்.