அசிட்ரோம் சாப்பிடுற அப்பாவுக்கு கையில பட்டை போடணுமா, பர்ஸ்ல கார்டு வச்சா போதுமா?

முருங்கை யாவாரி மக:

எங்கப்பாவுக்கு வயசு 58, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல முருங்கைக்காய் யாவாரம். சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல்ல இதய வால்வு கெட்டுப்போய் 2022-ல மைட்ரல் வால்வு மாத்தினாங்க, மெட்டல் வால்வு. அதுலருந்து தினமும் சாயங்காலம் அசிட்ரோம் (ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரை), ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்க மாசம் ஒருக்கா ஐ.என்.ஆர். டெஸ்ட்டு, 2.5-க்கும் 3.5-க்கும் நடுவுல இருக்கணும்னு சொல்லிருக்காங்க, பெரும்பாலும் இருக்கு. (கீரையை ஒருநாள் அள்ளித் தின்னுட்டு அடுத்த வாரம் பூரா தொடாம இருக்கக்கூடாது, எப்பவும் ஒரே அளவா சாப்புடுங்க, முக்கியமா முருங்கைக்கீரைனு டாக்டர் சொன்னப்ப எங்கப்பா மூஞ்சியப் பாக்கணுமே.)

என் கவலை வேற. மனுசன் விடிகாலை 3 மணிக்கு எக்ஸ்.எல்.ல தனியா மார்க்கெட்டுக்குப் போறார். போன மாசம் நாய் குறுக்க வந்து சறுக்கி விழுந்துட்டார், முழங்கையில சிராய்ப்புதான், ஆனா ரத்தம் நிக்கவே அரைமணி நேரம் ஆச்சு. அன்னைக்கு நினைவு தப்பியிருந்தா இவர் இந்த மாத்திரை சாப்பிடுறார்னு யார் சொல்லுவா? டிஸ்சார்ஜ் சம்மரி ஜெராக்ஸ் ஒண்ணை வண்டி பெட்டிக்குள்ள வச்சிருக்கேன், அது போதுமா? மாத்திரை விவரத்தை எழுதி கையில பட்டை மாதிரி போட்டுக்கங்கன்னா "நான் நோயாளின்னு ஊருக்கே தண்டோரா போடவா"ங்கறார். பட்டன் போன்தான் வச்சிருக்கார், அதனால லாக் ஸ்கிரீன்ல எழுதி வைக்கிற வேலையும் ஆகாது. யாராவது இதைச் செஞ்சிருக்கீங்களா, எங்க கிடைக்கும், என்ன எழுதணும்?

சும்மா வந்தவன்:

இதெல்லாம் வெளிநாட்டு சமாச்சாரங்க. நம்ம ஊர்ல அடிபட்டுக் கிடந்தா வீடியோ எடுப்பானே தவிர கையில என்ன எழுதிருக்குனு எவன் படிப்பான்? அப்பாவ வண்டி ஓட்ட வேணாம்னு சொல்லுங்க, அதுதான் வழி.

வால்வு அண்ணாச்சி:

வண்டி ஓட்டாதேன்னா யாவாரத்தை யார் பாப்பா தம்பி, சொல்றது சுலபம்.

நான் நெல்லைப் பக்கம், 2009-லருந்து மெட்டல் வால்வோட இருக்கேன். தங்கச்சி, நீங்க ஆக்சிடெண்டை நினைச்சு பயப்படுதீங்க, எனக்கு நடந்தது ஆக்சிடெண்டே இல்ல. 2013-ல இடுப்புப் பிடிப்பு, தெருமுனை கிளினிக்குக்குப் போனேன், கூட்டம்னா அப்படிக் கூட்டம், படுங்கன்னாங்க படுத்தேன், வாயத் திறக்கதுக்குள்ள இடுப்புல ஊசி போட்டாச்சு, வலிக்குப் போடுத டைக்ளோஃபெனாக். மறுநாள் காலையில பாத்தா இடுப்புலருந்து தொடை வரைக்கும் கத்திரிக்காய் கலரு, உக்கார முடியல, டெஸ்ட் எடுத்தா ஐ.என்.ஆர். 4-க்கு மேல, உள்ளுக்குள்ளயே ரத்தம் கட்டி அஞ்சு நாள் பெட்ல கிடந்தேன். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு சதையில ஊசி போடக்கூடாது, அந்த வலி மாத்திரை வகையறாவும் ஆகாது, காய்ச்சலுக்குன்னா பாரசிட்டமால்தான். வயித்தாலப் போகுதுன்னு மெட்ரோனிடசோல் எழுதினாக்கூட ஐ.என்.ஆர். ஏறும், வேற புது மாத்திரை எது தந்தாலும் நான் வால்வு டாக்டருக்கு ஒரு போன் போட்டுட்டுத்தான் முழுங்குவேன். அன்னைக்கு என் கையில ஒரு பட்டை இருந்திருந்தா ஊசி போட வந்த பிள்ளை கண்டிப்பாப் பாத்திருக்கும். அந்தப் பிள்ளை மேல தப்பு இல்ல, நானும் சொல்லல அவளும் கேக்கல.

இப்ப கழுத்துல ஸ்டீல் தகடு ஒண்ணு. எங்க செஞ்சேன்னு கேட்டா சிரிப்பீங்க. எவர்சில்வர் பாத்திரக் கடையில சீருக்குப் பேரு வெட்டுவாங்கல்லா, அவருகிட்ட ஒரு தகட்டக் குடுத்து வெட்டி வாங்கினேன், அம்பது ரூவா. ஆன்லைன்லயும் கிடைக்கு, விலை கூட.

நைட் டூட்டி:

பத்து வருசத்துக்கு மேல கேஷுவாலிட்டியில ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன், நான் பாக்கறதை மட்டும் சொல்றேன்.

முதல்ல அந்த ஜெராக்ஸ். வண்டி ரோட்டுலயேதாங்க கெடக்கும், 108-ல மனுசன் மட்டும்தான் வருவார், பெட்டிக்குள்ள இருக்கற பேப்பர் எங்க கைக்கு வரவே வராது. பர்ஸும் அப்படித்தான், கூட்டிட்டு வந்தவங்க கையிலயோ போலீஸ் கையிலயோ இருக்கும், வந்தாலும் பேர் அட்ரஸ் பாக்கத்தான் திறப்போம், அதுக்குள்ள அரைமணி ஒருமணி ஓடிரும். சட்டையை கத்திரியில வெட்டி எடுத்துருவோம். ஆனா கை மட்டும் எங்ககிட்ட வந்தே ஆகணும், பல்ஸ் பாக்கணும், பி.பி. கட்டணும், வென்ஃப்ளான் (மருந்து ஏத்துற ஊசிக்குழாய்) போட நரம்பு தேடணும். அதனால மணிக்கட்டுல கெடந்தா கண்ணுல படாம போகாது. சும்மா வந்தவன் தம்பி, படிக்கறதுக்கு ரோட்டுல போறவங்க வேண்டாங்க, நாங்க படிச்சாப் போதும். கழுத்துல இருக்கறதும் பாப்போம், ஆனா சாமி டாலரோட சேந்து தொங்கினா நகைன்னு கழட்டி கவர்ல போட்டு சொந்தக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்துருவோம், அதுக்குத்தான் அந்தப் பாம்பு சுத்துன தடி மருத்துவ அடையாளமோ சிவப்பு எழுத்தோ இருந்தா நல்லது.

என்ன எழுதணும்னா, வெறும் "ரத்தம் உறையாத மாத்திரை"னு எழுதாதீங்க. எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் ஸ்டென்ட்டுக்கு சாப்பிடற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரலையும் அப்படித்தான் சொல்றாங்க. அசிட்ரோம், அதே வகை வார்ஃபரின்னா மாத்து மருந்தா விட்டமின் கே இருக்கு, ரத்தத்துலருந்து பிரிச்ச ப்ளாஸ்மா இருக்கு, ஆஸ்பிரினுக்கு அந்த விட்டமின் கே ஒண்ணும் பண்ணாது, புதுசா வந்த டாபிகாட்ரானுக்கு மாத்து மருந்தே வேற, அதுல ஐ.என்.ஆர். பாத்தா நார்மல் மாதிரிகூட காட்டும், ஏமாந்துருவோம். அதனால மருந்துப் பேர் கட்டாயம், அதுவும் கடைப் பேரோட அசினோகூமரால்ங்கற உள்பேரும்.

அடுத்தது மெட்டல் வால்வுன்னு எழுதணும். ஏன்னா ரத்தம் நிக்கணும்னு விட்டமின் கே-யை அள்ளிக் குடுத்துட்டா வால்வுல கட்டி உறைஞ்சுரும், எவ்வளவு குடுக்கலாம்னு டாக்டர் யோசிச்சுத்தான் முடிவு பண்ணுவார், யோசிக்கணும்னு அவருக்குத் தெரியணுமில்லீங்களா. டோஸ் எழுதாதீங்க, அது மாசா மாசம் மாறும். போன் நம்பர்ல அப்பா நம்பரையே போட்டு வர்றவங்களை எத்தனை பேரைப் பாத்திருக்கேன் தெரியுமா? அடிச்சா அவர் பாக்கெட்லயே மணியடிக்கும். தெரியாத நம்பர்னாலும் ராத்திரி எடுக்கற ஆள் நம்பரைப் போடுங்க.

இன்னொண்ணு, இந்த மாத்திரை சாப்பிடறவங்க தலையில அடிபட்டா வெளிய ஒரு சொட்டு ரத்தம் இல்லேன்னாலும், நல்லாப் பேசினாலும், ஆஸ்பத்திரிக்கு வந்து சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆகணும். அன்னைக்கு உங்கப்பாவுக்குத் தலையில எதுவும் படலைன்னு நல்லாக் கேட்டுக்கிட்டீங்களா?

ஈஸ்ட்ஹாம் அக்கா:

நான் லண்டன்ல. எங்கம்மாவுக்கு ஊசலாடுற இதயத்துடிப்புன்னு வார்ஃபரின் ஆரம்பிச்ச அன்னைக்கே மஞ்சள் புக் ஒண்ணும் சின்னதா அலர்ட் கார்டு ஒண்ணும் குடுத்தாங்க. பல்லு பிடுங்கப் போனப்ப அந்த புக்கைக் காட்டுனு கேட்டு ஐ.என்.ஆர். பாத்துட்டுத்தான் நாற்காலியில உக்கார வச்சாங்க. அப்பா வெட்கப்படுறார்னு சொன்னதால ஒரு கதை. 1953-ல அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் டர்லாக்னு ஒரு ஊர், டாக்டர் வீட்டுப் பொண்ணுக்கு விரல்ல வெட்டு, டெட்டனஸ் மருந்து ஒத்துக்குமான்னு பாக்க வச்ச துளியிலயே உயிர் போற நிலைமை. அதுக்கப்புறம் வெளிய போறப்பல்லாம் கோட்ல ஒரு சீட்டு குத்தி அனுப்பிருக்காங்க, காலேஜ் போற வயசுல அந்தப் பொண்ணு அதையே அழகா வெள்ளியில கைச்சங்கிலியா செஞ்சு குடுங்கன்னு கேட்டுருக்கு. அதுலருந்துதான் 1956-ல மெடிக்அலர்ட்னு ஒரு அமைப்பே ஆரம்பிச்சாங்க. ஸ்டைலா இருந்தா அப்பாவும் போட்டுப்பார், காப்பு மாதிரி செஞ்சு குடுங்க.

முருங்கை யாவாரி மக:

எல்லாருக்கும் நன்றி, நைட் டூட்டி அக்காவுக்கு கூடுதலா. தலையில படலைக்கா, ஹெல்மெட் போட்டிருந்தார் (அம்மா சத்தியம் வாங்கினதால).

ஞாயித்துக்கிழமை பாத்திரக்கடைக்குப் போய்ட்டு வந்தேன். வெட்டுறவர் நான் எழுதிக் குடுத்த சீட்டை ரெண்டு தடவ படிச்சிட்டு "ஏம்மா, இது எந்தப் பாத்திரத்துக்கு?"ன்னார். அப்பா பக்கத்துலயே நின்னுட்டு "இந்த ஓட்டைப் பாத்திரத்துக்குத்தான்"னு நெஞ்சைத் தட்டினார், கடையே சிரிச்சிருச்சு. முன்பக்கம் இங்கிலீஷ்ல மருந்துப் பேர் ரெண்டும், மெட்டல் மைட்ரல் வால்வு, சதையில ஊசி கூடாது, பின்பக்கம் என் நம்பரும் தம்பி நம்பரும். பாம்பு மட்டும் புழு மாதிரி வந்திருக்கு. காப்பா போட்டா தராசு பிடிக்கறப்ப இடிக்குதுங்கறார், அதனால வாட்ச் இருக்கிற கையில சங்கிலியா மாட்டிருக்கோம். பர்ஸ்லயும் அதையே லேமினேட் பண்ணி வச்சாச்சு.

வால்வு அண்ணாச்சி:

நல்லதா போச்சு. கொக்கி லூசா இருந்தா மூட்டை தூக்கும்போது கழண்டு விழுந்துரும் தங்கச்சி, எனக்கு ரெண்டு தகடு அப்படிப் போச்சு. கொக்கி மேல நூல் சுத்தி ஒரு முடிச்சுப் போட்டு விடுங்க. எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனா கழட்டச் சொல்லுவாங்க, வால்வு கார்டையும் கேப்பாங்க, அன்னைக்கு மட்டும் ஒரு கத்திரி கையில இருக்கட்டும்.