ஊடகத்தில் ஆண்–பெண் பாத்திரங்கள்: தரம் 10 இற்கு எப்படிக் கற்பிப்பது?

உப்புவெளி ரீச்சர்:
தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடம், தரம் 10. பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளுமாக 32 பேர். நாற்பது நிமிடப் பாடவேளைகள் நான்கு ஒதுக்கலாம். இணையத்தை நம்ப முடியாது. விளம்பரம் ஒன்றைக் காட்டி "இதில் என்ன பிழை?" என்று கேட்டால், "பெண்களைச் சமையலறைக்குள் அடைக்கிறார்கள்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. அதற்கு மேல் நகரவில்லை. வேறு எப்படித் தொடங்கலாம்?

கிண்ணியா சேர்:
ரீச்சர், "என்ன பிழை" என்று கேட்டால் நீங்கள் எதிர்பார்க்கும் விடைதான் வரும். முதலில் செய்தியில் வரும் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்று கணக்கெடுக்க விடுங்கள். கருத்துச் சொல்வது பிறகு.

எட்டு நாள் பழைய பேப்பர் போதும். நால்வர் கொண்ட எட்டுக் குழு, குழுவுக்கு ஒரு நாள் பேப்பர். உள்நாட்டுச் செய்திப் பக்கங்களை மட்டும் கொடுங்கள். மரண அறிவித்தல், விளையாட்டு, சினிமாப் பக்கங்களையும் சேர்த்தால் கணக்குக் குழம்பிப் போகும். கொப்பியில் ஐந்து நிரல்: செய்தித் தலைப்பு, அதில் வரும் ஆள் ஆணா பெண்ணா, தொழில் அல்லது பதவி, எப்படி வருகிறார் (பதவியில் இருந்து பேசுபவர், நிபுணர், கண்ணால் கண்டவர், பாதிக்கப்பட்டவர்), யாருடைய மனைவி, தாய், தந்தை என்று சொல்லப்பட்டிருக்கிறதா.

வழமையாகப் பிழைக்கும் இடங்கள் மூன்று. தலைப்பிலும் படத்திலும் செய்தியிலும் வரும் ஒரே ஆளை மூன்று தரம் எண்ணிவிடுவார்கள். ஒரு செய்திக்கு ஒருவர் ஒரு தரம்தான். கூட்டப் படத்தில் தலைகளை எண்ணப் போவார்கள். படத்தின் கீழ் பெயர் உள்ளவர்கள் மட்டும். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிப்பார்கள். தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதட்டும். முழுக் கணக்குக்கு முன் ஒரே பக்கத்தை இரண்டு குழுவிடம் கொடுத்துப் பாருங்கள். இருபது பதிவில் குறைந்தது பதினாறு ஒத்துவராவிட்டால் நிரல்களின் விளக்கம் போதவில்லை, திருத்துங்கள்.

உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டமும் 1995 இலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் ஒரு நாள் செய்திகளை எடுத்து இப்படித்தான் எண்ணுகிறது. செய்தியில் வருவோரில் பெண்கள் 1995 இல் 17 வீதம், 2020 இல் 25 வீதம். இந்த எண்களை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் பிள்ளைகளின் கணக்கும் அதை நோக்கிச் சாயும்.

மொழிப்பாட ஆசிரியை:
இதோடு சொல்லையும் பாருங்கள். நம் பத்திரிகைகளில் "குடும்பப் பெண்", "யுவதி", "இரு பிள்ளைகளின் தாய்" வருவது எல்லாருக்கும் தெரியும். ஆனால் "இளம் குடும்பஸ்தர்", "மூன்று பிள்ளைகளின் தந்தை" என்றும் வருகிறது. ஆகவே பெண்ணை மட்டும்தான் குடும்பத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதக் கூடாது. எந்தச் செய்தியில் எந்தச் சொல் வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். விபத்துச் செய்தியில் தந்தையாக வரும் ஆண், அலுவலகச் செய்தியில் வெறும் பொறியியலாளர். பெண் என்றால் அங்கேயும் "பெண் பொறியியலாளர்". "ஆண் பொறியியலாளர்" என்று எழுதிக் கரும்பலகையில் போடுங்கள். ஏன் காதுக்கு இடிக்கிறது என்று பிள்ளைகளே சொல்வார்கள்.

படக்குறிப்பும் அப்படித்தான். பெண்கள் குனிந்து கருவாடு காயப்போடும் படத்தின் கீழ் "மீனவர்களின் வாழ்வாதாரம்" என்று இருந்தால், அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் யார் முகம் வருகிறது என்று கேளுங்கள்.

கிண்ணியா சேர்:
விளம்பரத்துக்கு மூன்றாம் பாடவேளை. முப்பது விநாடி விளம்பரம் ஒன்றை மடிகணினியில் இறக்கி வைத்து மூன்று தரம் போடுங்கள்: சத்தமில்லாமல், படமில்லாமல், கடைசியில் முழுதாக. படமில்லாமல் கேட்கும்போதுதான் பொருள் நல்லது என்று முடித்துச் சொல்லும் குரல் யாருடையது என்பது பிடிபடும். பாவிப்பவர் பெண்ணாகவும் அறிவுரை சொல்பவர் ஆணாகவும் இருக்கிறார்களா என்று குறிக்கட்டும். அச்சு விளம்பரத்தில் கைகளைப் பாருங்கள். பொருளை இறுக்கிப் பிடிப்பது யார், விரல் நுனியால் தொடுவது யார்? சமூகவியலாளர் ஏர்விங் கொஃப்மன் 1970களில் விளம்பரப் படங்களை இப்படித்தான் வாசித்தார்.

உப்புவெளி ரீச்சர்:
நன்றி சேர். நாடகத் தொடர்களையும் எடுக்கலாமா? ஆண்பிள்ளைகள் அதைக் கேட்டாலே சிரிக்கிறார்கள்.

மொழிப்பாட ஆசிரியை:
எடுங்கள், ஆனால் தனியாக எடுக்காதீர்கள். அம்மா பார்க்கும் தொடரை மட்டும் எடுத்தால் வகுப்பு அம்மாவைத்தான் கேலி செய்யும், பாடம் தலைகீழாகிவிடும். அதே கேள்விகளைச் சண்டைப் படத்துக்கும் கேளுங்கள். அழ அனுமதி யாருக்கு? அடித்தால் வீரம் ஆவது யாருக்கு? கதாநாயகன் என்ன வேலை பார்த்துச் சம்பாதிக்கிறான்? ஆண்பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று தங்களுக்கும் ஒரு அச்சு வார்க்கப்படுவது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும். பேச விடுவதற்கு முன் இரண்டு நிமிடம் பெயரில்லாத துண்டுக் காகிதத்தில் எழுத விடுங்கள். இல்லாவிட்டால் முன்வாங்கு நான்கு பேரின் குரல்தான் கேட்கும்.

இன்னொன்று. ஊர்ப் பெண்பிள்ளைகளின் டிக்டொக் வீடியோவை உதாரணமாகக் கொண்டுவர விடவே வேண்டாம். "ஆராய்வதற்கு" என்று ஒரு போனுக்கு வந்த வீடியோ பின்னேரத்துக்குள் பத்து வட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளை பக்கத்து வகுப்பிலேயே இருக்கலாம். நிறுவனங்களின் விளம்பரமும் அச்சில் வந்த செய்தியுமே நான்கு பாடவேளைக்குத் தாராளம்.