மேட்டூர் அணையில் என்னென்ன மீன் பார்த்திருக்கிறீர்கள்?

கொளத்தூரான்:
நானே ஆரம்பிக்கிறேன். ஒரு கோடையில் பண்ணவாடி பரிசல் துறைக்குப் போயிருந்தேன். தண்ணீர் நன்றாக இறங்கி, அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய நந்தி சிலை வெளியே தெரிந்த சமயம். எடை போடும் இடத்தில் குவிந்து கிடந்தது எல்லாம் ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா. ஓரமாகக் கொஞ்சம் கட்லா, ரோகு, மிர்கால். இந்த மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். முட்டையிட இவற்றுக்குப் புதுவெள்ளத்தின் ஓட்டம் வேண்டும், தேங்கிய தண்ணீரில் இடாது. அதனால்தான் குஞ்சு வளர்த்து அணையில் விடுகிறார்கள்.

ஜிலேபிக்கு அந்தக் கவலையே கிடையாது. ஒரு பரிசல்காரர் பெண் மீன் ஒன்றின் தாடையை அழுத்தி வாயைத் திறந்து காட்டினார். உள்ளே மஞ்சள் மஞ்சளாக முட்டை! தாய் வாயிலேயே வைத்துப் பொரிக்கிறது, குஞ்சுக்கு ஆபத்து என்றால் மறுபடி வாய்க்குள் சேர்த்துக்கொள்கிறது. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன் இது. இப்படிப் பெருகினால் மற்றது எங்கே பிழைக்கும்?

கூடையின் அடியில் ஒரே ஒரு கருமுழிக் கெண்டை இருந்தது. காவிரிக்கே உரிய மீன். கட்லாவை விட ருசி என்று அவர்களே வீட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள். வாளையும் ஆராலும் எப்போதாவதுதான் மாட்டுமாம்.

கொள்ளிடக்கரை:
அண்ணே, அணைக்குள் இருப்பதைச் சொன்னீர்கள். அணையால் இல்லாமல் போன ஒன்றை நான் சொல்கிறேன். உல்லம். வங்காளிகள் உயிரை விடுகிற அதே இலிஷ்தான். வெள்ளக் காலத்தில் கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறி வந்து கீழணையில் திரண்டு நிற்கும் என்று தாத்தா சொல்வார். 1934இல் மேட்டூர் அணை வந்தது, வெள்ளம் கட்டுக்குள் போனது, உல்லத்தின் வரத்தும் படுத்துவிட்டது. எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் ஆற்று உல்லம் சமைத்ததே இல்லை. கடல் உல்லம் வாங்கினால் தாத்தா ஒரு வாய் தின்றுவிட்டு, "இது அது இல்லை" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

வலைக்காரன்:
மேட்டூர் நான் போனதில்லை. சென்னைக்கு வெளியே ஒரு ஏரியில் பார்த்ததைப் போடுகிறேன். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன விடுவார்களே, அந்த டேங்க் கிளீனர். தொட்டியை விட்டுப் பெரிதானதும் யாரோ ஏரியில் விட்டிருக்கிறார்கள், ஒரு வலை முழுக்க அதுதான். உடம்பெல்லாம் எலும்புத் தகடு. துடுப்பு முள் நைலான் கண்ணியில் சிக்கினால் உருவ முடியாது, நூலை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரே காலையில் வலை கந்தலாகிவிட்டது. விலையும் போகாது. கரையில் வீசினால் சாகவும் மாட்டேன் என்கிறது. வயிற்றால் காற்றை இழுத்து வெகுநேரம் கிடக்கிறது. அதனால் அங்கே குழி தோண்டிப் புதைக்கிறார்கள்.

பவானிசாகர், வைகை அணைப் பக்கம் இது வருகிறதா? வலை போடுகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.