27 லட்சத்துக்குப் பழைய பென்ஸா, புது விர்டஸா? மச்சான் ஒரு பக்கம் இழுக்கிறார்

ஓவர்லாக்_திருப்பூர்:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், வேறு வழியில்லாமல் இப்போது கேட்கிறேன். திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட், 30 மெஷின், முழுக்க ஜாப் ஒர்க். இப்போது ஓட்டுவது 2016 பலேனோ, 1,10,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் மாற்றுவது என்று முடிவாகிவிட்டது.

எப்படி முடிவானது என்று சொன்னால்தான் கேள்வி புரியும். தை மாதம் அவிநாசி பக்கம் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் விசிலோடு நின்ற பையன், எனக்கு முன்னால் வந்த பென்ஸை வாழைமரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னான். என் வண்டி வந்ததும் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை மட்டும் பின்பக்கம் காட்டினான். பின்பக்கம் என்றால் அறுத்துப்போட்ட சோளக்காடு. புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தோம். வீட்டுக்காரி பட்டுப்புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்டபத்துக்குள் போகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தியில் மச்சான் ஆரம்பித்தார். "மாப்ள, பார்ட்டி உன்னைப் பார்க்கிறதுக்கு முன்னாடி உன் வண்டியைத்தான் பார்க்கிறான், ஒரு பென்ஸை எடு, பழசா இருந்தாலும் பரவாயில்லை."

அவரே ஒரு வண்டியும் காட்டினார். 2019 சி220டி, டீசல், 48,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர், ஹரியானா நம்பர், 27 லட்சம் கேட்கிறார்கள். நான் பார்த்து வைத்திருந்தது ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5 டர்போ பெட்ரோல், புதுசு, ஆன்ரோடு 23 லட்சத்தைத் தொடுகிறது.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். பென்ஸில் கதவை மூடினால் வெளியே ஒரு ஊர் இருப்பதே மறந்துபோகிறது, ஆனால் பல்லடம் ரோட்டில் ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏற்றினேன். விர்டஸின் உள்ளே அங்கங்கே பிளாஸ்டிக் தட்டினால் டொக் டொக் என்கிறது. ஆனால் பலேனோவில் 60-இல் போகிற வளைவில் 80-இல் போனேன், வண்டி அதைப் பொருட்படுத்தவே இல்லை. ராத்திரி படுத்தால் அந்த வளைவுதான் நினைவுக்கு வருகிறது.

தினமும் வீட்டிலிருந்து யூனிட்டுக்குப் போய்வர 14 கிலோமீட்டர். மாதம் ஒன்றிரண்டு தடவை கோவை. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வால்பாறை, அது எனக்காக. சொல்லுங்கள்.

ஹேர்பின்_கோவை:

இங்கே ஒரு பழக்கம் உண்டு, பென்ஸ் லோகோவில் உள்ள ஸ்டாருக்காக வாங்குகிறவர்கள் மேல் உள்ள கடுப்பில் அந்த வண்டியையே மட்டம் தட்டிவிடுவோம். அது நியாயமில்லை. அந்த சி220டி 194 ஹெச்பி சக்தி, 400 நியூட்டன் மீட்டர் இழுவிசை, 9 கியர், பின்சக்கரம் தள்ளுகிற வண்டி. விர்டஸில் அதே கணக்கு 150, 250, முன்சக்கரம் இழுக்கிற வண்டி. சேலம் பைபாஸில் லாரி வரிசையைத் தாண்டும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் முதுகுக்கே தெரியும்.

ஆனால் ஒன்று. நானும் எட்டு வருஷமாக ஒரு ஜெர்மன் செடான் வைத்திருக்கிறேன், செகண்ட் ஹேண்டில் வாங்கினதுதான், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். வாங்கும்போது 40 லட்சத்து வண்டி 18 லட்சத்துக்குக் கிடைத்ததே என்று துள்ளினேன். வண்டி விலைதான் இறங்கியிருந்தது, உதிரி பாகமெல்லாம் 40 லட்சத்து வண்டியின் விலையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் பெருந்துறை தாண்டி ஒரு பள்ளம். ரன்ஃப்ளாட் டயர், பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் ஓடும் என்பார்கள், உண்மைதான், ஆனால் பக்கவாட்டில் கிழிந்தால் எங்கே ஓடும். ஸ்டெப்னி கிடையாது. பிள்ளைகள் பின்சீட்டில் தூங்க, நான் ரோட்டோரம் இரண்டு மணி வரை கயிறு கட்டாத மாடு மாதிரி நடந்துகொண்டிருந்தேன், தூக்கிப்போகிற வண்டி வருகிறவரை. இரண்டு டயர், ஒரு அலாய் வீல், மொத்தம் 92,000.

அதற்கப்புறமும் விற்கவில்லை, ஏனென்றால் ஆழியாறு தாண்டி முதல் கொண்டை ஊசி வந்தால் எல்லாம் மறந்துவிடும். இப்படி மறக்க முடிகிறவர்கள் வாங்கலாம். வாழைமரத்துக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் முதல் பில்லிலேயே கசந்துவிடும்.

ஸ்பேனர்_சேலம்:

பட்டறைக்காரன் பார்வையில் சொல்கிறேன், எனக்கு இமேஜும் தெரியாது கிமேஜும் தெரியாது.

உங்கள் பதிவில் முக்கியமான விஷயம் அந்த 14 கிலோமீட்டர்தான், யாரும் அதைக் கவனிக்கவில்லை. இந்தக் காலத்து டீசல் வண்டியின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடி நன்றாகச் சூடேறும்போது அதை எரித்துத் தள்ளும். தினமும் திருப்பூர் நெரிசலில் ஏழு கிலோமீட்டர் போக, ஏழு கிலோமீட்டர் வர என்றால் அந்தச் சூடு எப்போது வரும்? விளக்கு எரியும், கொஞ்ச நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டுவீர்கள், அப்புறம் இழுவை குறைந்து என்னைப் போல் ஒருவனிடம் வருவீர்கள். இது எந்த பிராண்டின் குறையும் இல்லை, தப்பான வேலைக்கு வாங்கின வண்டி, அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை கோவைக்கு ஓட்டம் இருந்தால் தப்பிக்கலாம்.

விர்டஸுக்கும் ஒரு வார்த்தை. அதிலுள்ள 7 கியர் டிஎஸ்ஜி, அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், உலர் கிளட்ச் வகை. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் சூடாகிவிடும், முன்னால் கொஞ்சம் இடம் விட்டு நின்று ஒரேயடியாக நகர்த்திப் பழகவேண்டும். இல்லையென்றால் அதே 1.5-இல் 6 கியர் மேனுவலும் வருகிறது.

பென்ஸ்தான் என்று மனசு சொன்னால் இதையெல்லாம் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. நான்கும் நான்கு வருஷத்தில் இருந்தால் 48,000 என்பதை நான் நம்பமாட்டேன். கண்ணாடிகளின் மூலையிலும் குறி இருக்கும், ஒன்று மட்டும் புதுசு என்றால் ஏன் என்று கேளுங்கள். டிரைவர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பைத் தடவிப் பாருங்கள், ஏறி இறங்கித் தேய்வது அங்கேதான். மீட்டரைத் திருத்துகிறவன் ஒரு இடத்தில் திருத்துவான், கியர்பாக்ஸ் மாட்யூல் மாதிரி வேறு இடங்களில் பழைய கணக்கு உட்கார்ந்திருக்கும், ஸ்கேனர் போட்டால் சொல்லிவிடும்.

அப்புறம் ஹரியானா நம்பர். டெல்லி வட்டாரத்தில் டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் என்று இருந்ததால் அங்கே வயதாக ஆக விலை விழுந்தது, அதையெல்லாம் தெற்கே ஓட்டிவந்து விற்றார்கள். வண்டி மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் இங்கே பதிவு மாற்ற வரி தனி. 2023 நவம்பருக்கு அப்புறம் 20 லட்சத்துக்கு மேலான புது காருக்கு நம் மாநிலத்தில் 20 சதவீதம், பழசுக்கு வயதைப் பார்த்துக் குறையும். 27 என்பது அந்த வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டீர்களா?

மல்டிஜெட்_மதுரை:

பிராண்ட் இமேஜ் பற்றிப் பேச்சு வந்தால் ஃபியட் புன்டோ வைத்திருக்கிறவனைத்தான் கேட்க வேண்டும் 😄

ஸ்விஃப்டில் இருந்த 1.3 டீசல் எஞ்சின் ஃபியட்டின் மல்டிஜெட். அதே குடும்பத்து எஞ்சின் இண்டிகா விஸ்டாவில், டிசையரில், எர்டிகாவில், சியாஸில், எங்கெங்கோ இருந்தது. 2009-இல் ஃபியட் தன் சொந்த எஞ்சினைத் தன் சொந்த புன்டோவில் வைத்து விற்க வந்தபோது வாங்க ஆள் இல்லை. ஸ்டீயரிங்கில் அந்தக் கனம், குண்டும் குழியுமான ரோட்டில் அந்த நிதானம், மூடினால் கேட்கிற கதவுச் சத்தம், எல்லாவற்றிலும் ஸ்விஃப்டைவிட ஒரு படி மேலே. 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுக்காமல் தூங்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஃபியட் என்றாலே ஊரில் உள்ளவன் எல்லாம் ஸ்பேர் கிடைக்காது, விற்றால் போகாது என்றான். எல்லோரும் அப்படிச் சொன்னதால் யாரும் வாங்கவில்லை, யாரும் வாங்காததால் கடைசியில் அதுவே உண்மையாகிப்போனது. என் வண்டிக்கு எஞ்சின் சாமான் இன்றைக்கும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், ஸ்விஃப்டுக்கு என்று கேட்டால்!

தலைகீழாகவும் நடக்கும். 2019-இல் உங்கள் பலேனோவையே எடுத்து லோகோவை மாற்றி டொயோட்டா கிளான்ஸா என்று விற்றார்கள். சுஸுகியின் குஜராத் ஆலையில் செய்த அதே வண்டி. என் சித்தப்பா "டொயோட்டா தகரமே தனி" என்று சொல்லி வாங்கினார், இன்றுவரை நம்புகிறார், நானும் கெடுக்கவில்லை. நியாயமாகச் சொன்னால் அன்றைக்கு கிளான்ஸாவுக்கு 3 வருஷம் 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி, பலேனோவுக்கு 2 வருஷம் 40,000. அந்த லோகோவுக்குப் பின்னால் அவ்வளவாவது இருந்தது.

பென்ஸிலும் இந்தக் கதை உண்டு. ஏ-கிளாஸ் லிமோசின் பெட்ரோலில் வந்த 1.3 டர்போ, ரெனோவோடு சேர்ந்து உருவாக்கியது. அதன் உடன்பிறப்பு நம்ம ஊர் ரெனோ டஸ்டர் டர்போவில் ஓடியது. மச்சானிடம் சொல்லிப் பாருங்கள்.

விர்டஸ் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2023-இல் 5 ஸ்டார், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும். அந்த சி-கிளாஸும் ஐரோப்பிய சோதனையில் 5 ஸ்டார்தான், அதனால் அந்தப் பயம் இரண்டிலும் வேண்டாம்.

நூல்கண்டு_ஈரோடு:

தம்பி, நான் 35 வருஷம் துணி வியாபாரத்தில் இருந்தவன். உங்கள் மச்சான் சொல்கிற பார்ட்டி யார்? நூல் மில்காரன் வண்டியைப் பார்த்தா நூல் கொடுக்கிறான், போன மாதச் செக் பாஸ் ஆனதா என்று பார்த்துத்தானே கொடுக்கிறான். வெளிநாட்டு பையர் ஒருத்தரைக் கோவை விமான நிலையத்துக்குப் போய் இன்னோவாவில் கூட்டிவந்தேன், வருகிற வழியெல்லாம் தீ வந்தால் வெளியே போக எத்தனை வழி வைத்திருக்கிறாய், ஆட்களுக்கு ஓவர்டைம் கணக்கு காட்டு என்றுதான் கேட்டார். காரைப் பற்றிக் கேட்டது ஒன்றே ஒன்று, ஏசியைக் குறைக்க முடியுமா என்று.

சொந்தக்காரர்கள் பார்ப்பார்கள், அது வேறு. பொண்ணு பார்க்கப் போனால், சீர் செய்யப் போனால் வண்டிக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அந்த மரியாதைக்கு நாலு லட்சம் அதிகம் கொடுக்கலாமா என்பது உங்கள் கணக்கு. ஜாப் ஒர்க்கில் ஒரு மாதம் பணம் வராமல் நின்றால் அந்த நாலு லட்சம்தான் சம்பளம் போடும்.

ஒரே_வாழ்க்கை:

எல்லோரும் ஏன் பயமுறுத்துகிறீர்கள். சின்ன வயதிலிருந்து பென்ஸ் ஆசை இருந்தால் வாங்கட்டுமே. ஊருக்காக இல்லை, எனக்கே ஆசை என்று ஒத்துக்கொண்டு வாங்கினால் அதில் என்ன தப்பு? நான் அப்படித்தான் வாங்கினேன், வாசலில் நிறுத்திவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனதில்லை.

ஓவர்லாக்_திருப்பூர்:

எல்லோருக்கும் நன்றி, பத்து நாள் கழித்து வருகிறேன். ஸ்பேனர் அண்ணன் சொன்னபடி ஒரு ஆளைக் கூட்டிப்போய் ஸ்கேனர் போட்டேன். ஏதாவது தப்பு கிடைக்கும், மச்சானிடம் காட்டித் தப்பிக்கலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. வண்டி சுத்தம். கிலோமீட்டர் சரி, நான்கு டயரும் ஒரே வருஷம், சீட் விளிம்பில் ஒரு சுருக்கம் இல்லை. வரி மட்டும் சேர்க்கவில்லை, அது தனி. ஆக சாக்கு எதுவும் இல்லாமல் நானே முடிவு செய்ய வேண்டியதாகிவிட்டது.

ஒரே_வாழ்க்கை கேட்டதை நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். எனக்குப் பென்ஸ் ஆசை இருந்ததே இல்லை. சின்ன வயதில் கோவை கரி ஸ்பீட்வேயில் ரேஸ் பார்க்க அப்பா ஒரு தடவை கூட்டிப்போனார், அந்தச் சத்தம்தான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஒருவனின் விர்டஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்காரியோடு வால்பாறை போனேன். நாற்பது கொண்டை ஊசி. ஒன்பதாவது வளைவு வியூ பாயிண்டில் நிறுத்தி, கல்யாணத்தன்று சோளக்காட்டில் நடக்க வைத்ததற்கு இவ்வளவு நாள் கழித்து வருத்தம் தெரிவித்தேன். அவள் புரியாமல் பார்த்தாள். "அன்னைக்கு செருப்பு அறுந்துபோச்சு. புடவை மறைக்குதா இல்லையான்னு பார்த்துட்டே வந்தேன். நீங்க பென்ஸை நினைச்சுட்டு இருந்தீங்களா?"

விர்டஸுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஸ்பேனர்_சேலம்:

மேனுவலா டிஎஸ்ஜியா? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே.

ஓவர்லாக்_திருப்பூர்:

மேனுவல். வீட்டுக்காரி டிஎஸ்ஜி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதையும் இன்னும் சொல்லவில்லை.