காலிக் கல், கிழங்கு வெந்த மணி, நான்கு கை குவான்யின்: கடலுக்கு அப்பால் கண்ட தமிழ்த் தடங்கள்

கொழும்பிலிருந்து:

போன இடத்தில் எதிர்பாராமல் தமிழ் எழுத்தைப் பார்த்த கதை இருந்தால் சொல்லுங்கள் என்றதும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். நான் எங்கேயும் போகவில்லை, உள்ளூர் நூதனசாலைக்குத்தான் போனேன். ஆனால் அந்தக் கல் கப்பலில் வந்தது, ஆகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்க்கத்தான் ஓடுவார்கள். காலி மும்மொழிக் கல்வெட்டு பக்கம் ஆளே இருக்காது. நெஞ்சளவு உயரம், கனமில்லாத பலகைக் கல், தலையில் எதிரெதிராக இரண்டு டிராகன். வலது பக்கம் சீனம். இடது பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். சீன எழுத்து ஓரளவு தெளிவு. தமிழ் நன்றாகத் தேய்ந்துவிட்டது, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் ஓரிரு எழுத்துப் பிடிபடும். தொல்லியல் அறிஞர் பரணவிதான 1933இல் அதைப் படித்து வெளியிட்டிருக்கிறார். எந்தக் கண்ணால் படித்தாரோ!

சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த கல் இது. கல்லில் உள்ள தேதி 1409. மூன்று மொழியும் ஒரே செய்தியின் மொழிபெயர்ப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை. தமிழில் தெனாவரை நாயனாருக்கு, அதாவது இலங்கையின் தென்கோடியில் தேவேந்திரமுனையில் இருந்த பெருமாளுக்கு. பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. ஆனால் காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான்: 1000 பொன், 5000 வெள்ளி, பட்டுச் சுருள்கள், 2500 கட்டி (சீன எடை அளவு) வாசனை எண்ணெய். யாருக்கும் பெரிதாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. செங் ஹ பிறப்பால் முஸ்லிம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இவ்வளவு நிதானமாகக் காணிக்கை வைத்த அதே ஆள்தான் 1411இல் இங்கே சண்டை போட்டு, ஆட்சியில் இருந்த அழகக்கோனாரைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார். பேரரசர் பிறகு விட்டுவிட்டார், அது வேறு கதை.

சிங்களம் ஏன் இல்லை என்று என்னோடு வந்த சிங்கள நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. துறைமுகத்துக்கு வந்துபோகும் வியாபாரிகளைப் பார்த்து எழுதிய கல் இது, அவர்கள் புழங்கிய மொழிகளில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்த பதில். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தக் கல் கிடைத்த இடம்தான் வேடிக்கை. 1911இல் காலியில் கிரிப்ஸ் வீதிப் பக்கம் தோம்லின் என்ற எஞ்சினியர் பார்த்தபோது, ஒரு மதகுக்கு மூடியாகக் கவிழ்ந்து கிடந்தது. பேரரசர் அனுப்பிய கல்லின் மேல் மாட்டுவண்டி ஓடியிருக்கிறது!

அந்த நாயனார் கோயில் என்ன ஆயிற்று என்று பார்க்கப் பிறகு தெற்கே போனேன். 1344இல் இப்னு பதூதா வந்தபோது அங்கே ஆயிரம் பிராமணர்களும், இரவு முழுக்கப் பாடி ஆடும் ஐந்நூறு பெண்களும், மாணிக்கக் கண் வைத்த பொன் சிலையும் இருந்ததாக எழுதியிருக்கிறார். 1588இல் போர்த்துக்கேயர் இடித்துக் கொளுத்திவிட்டார்கள். இப்போது அதே ஊரில் விஷ்ணு தேவாலயம் இருக்கிறது, நீல வண்ணம் பூசி. ஆடி மாதப் பெரஹரா ஊர்வலத்துக்குப் பெருங்கூட்டம். திரும்பும் வழியில் மாத்தறை எருமைத் தயிரும் கித்துல் பனைப் பாணியும் சாப்பிடாமல் வராதீர்கள், அதற்குக் கல்வெட்டுச் சான்று தேவையில்லை.

வெலிங்டனிலிருந்து:

அண்ணா, உங்கள் கல் மதகாகக் கிடந்தது என்றால் எங்கள் ஊர் மணி கிழங்குச் சட்டியாக இருந்தது.

இங்கே நியூசிலாந்தின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. முழு மணி இல்லை, விளிம்பு உடைந்துபோன மேல் பாகம். ஒரு சாண் உயரம்கூட வராது. அதைச் சுற்றிப் பழைய தமிழ் எழுத்து: முகையிதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி. அக்கால வழக்கப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. நான் நாகப்பட்டினத்தில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் முகையிதீன் என்று கூப்பிட்டால் நான்கு வீட்டிலிருந்து பதில் வரும். அந்தப் பெயரைப் பூமியின் இந்தக் கோடியில் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது.

வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், அச்சுத் தொழில் தெரிந்தவர், 1830களில் வடக்குத் தீவில் வாங்கரே பக்கம் போனபோது, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் இதைத் தலைகீழாக வைத்து உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்திருக்கிறார். பெரிய புயலில் சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது, எங்கள் முன்னோர் காலத்திலிருந்து இருக்கிறது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கொலென்சோ ஓர் இரும்புப் பானையைக் கொடுத்துவிட்டு மணியை வாங்கிக்கொண்டார். அந்தப் பெண்களுக்கு லாபம்தான் என்பேன், உடைந்த மணியைவிட இரும்புப் பானையில் நன்றாக வேகும். 1899இல் அவர் இறந்த பிறகு அது அருங்காட்சியகத்துக்கு வந்தது.

உருளைக்கிழங்கே இந்த நாட்டுக்கு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியக் கப்பல்களில்தான் வந்தது. அதற்கு முன் அந்த மணியில் என்ன வெந்ததோ. ஆளில்லாத கப்பல் ஒன்று நீரோட்டத்தில் அடித்துவந்து கரை ஒதுங்கியிருக்கலாம் என்பது ஒரு கட்சி, வேறு நாட்டுக் கப்பல் எங்கோ வாங்கிக் கொண்டுவந்து போட்டிருக்கும் என்பது இன்னொரு கட்சி. தமிழர்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அந்தக் கட்சியில் நான் சேரமாட்டேன். மணி வந்தது என்பதால் மணியடித்தவரும் வந்தார் என்று ஆகாது.

எனக்குத் தோன்றுவது இதுதான்: இரண்டு பொருளும் ஏதோ ஒரு வேலைக்கு உதவியதால்தான் தப்பியிருக்கின்றன. வீட்டில் மதிப்போடு எடுத்து வைத்திருந்தால் எப்போதோ உருக்கியிருப்பார்கள். பார்க்க வருபவர்கள் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள், எல்லாப் பொருளும் எப்போதும் காட்சியில் இருப்பதில்லை.

ஓசூரிலிருந்து:

அக்கா சொல்வது பாதிதான் சரி. நான் கிரானைட் வியாபாரம். சீனாவில் சியாமென் கல் கண்காட்சிக்குப் போய்வருகிற ஆள். பக்கத்தில்தான் சுவான்சோ, மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய துறைமுகம். அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் இங்கே நூறு கப்பல் வரும் என்கிறார் அவர். மிளகோடு நம் வியாபாரிகளும் போயிருக்கிறார்கள். 1281இல் சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததாகத் தமிழும் சீனமும் சேர்ந்த கல்வெட்டே இருக்கிறது. திருக்கதலீச்சரம் உடைய நாயனார் என்று சாமிக்குப் பெயர்.

கோயில் இன்று இல்லை. 14ஆம் நூற்றாண்டில் அந்த ஊரில் நடந்த கலவரங்களில் வெளிநாட்டு வியாபாரிகளின் வாழ்வே முடிந்துபோனது. கற்களைப் பிரித்து மதில் கட்டினார்கள், பிறகு 20ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கல் வேலைக்காரன் சொல்கிறேன், மதிலுக்குப் போகிற கல்லை யாரும் அப்படியே வைக்கமாட்டார்கள். கொத்திச் சமன் செய்துதான் அடுக்குவார்கள். தப்பியது நமக்குத் தெரிகிறது, உளி பட்டுப் போனதை யார் கணக்கெடுத்தார்கள்?

தப்பியவை சிலவற்றைக் கையுவான் புத்தர் கோயிலில் பார்க்கலாம். பிரதான மண்டபத்தின் பின்பக்கம் இரண்டு தூண்கள். உரலில் கட்டுண்ட கண்ணன் இரண்டு மரத்துக்கு நடுவே, நரசிம்மர், முதலை பிடித்த யானை. கதை நம்முடையது, ஆனால் கண்ணன் முகத்தைப் பார்த்தால் சீனப் பிள்ளை. உள்ளூர்க் கொத்தர்கள் கையாகத்தான் இருக்கும். அங்குள்ள கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்தில் லிங்கத்தின் மேல் பசு பால் சொரிகிற பலகையும் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது செதியான் என்ற கிராமம். என் ஏஜெண்ட் காரில் கூட்டிப்போனார். அங்கே சின்னக் கோயில். உள்ளே நான்கு கைகளோடு உட்கார்ந்திருக்கும் அம்மன், காலடியில் அசுரன், இரண்டு பக்கமும் சேடியர். ஊர்க்காரர்களுக்கு அவள் குவான்யின், சீன பௌத்தர்களின் கருணைத் தெய்வம். ஊதுபத்தி ஏற்றி, ஆரஞ்சுப் பழம் வைத்துக் கும்பிடுகிறார்கள். காவல் இருந்த பாட்டியிடம் இது எங்கள் ஊர்ச் சாமி போல இருக்கிறது என்று ஏஜெண்ட் மூலமாகச் சொன்னேன். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்படியானால் மூன்று தடவை கும்பிடு” என்றார். கும்பிட்டேன். பழத்தில் ஒன்று கொடுத்தார்.

கொழும்பிலிருந்து:

தம்பி, பாட்டியிடம் பழம் வாங்கிய கதை என் கல்லைவிட நன்றாக இருக்கிறது. அங்கே நான்கு கை எதற்கு என்று யாரும் கேட்பதில்லையா?

ஓசூரிலிருந்து:

கேட்டேன் அண்ணா. குவான்யினுக்கு ஆயிரம் கை வைத்த சிலையே அவர்களிடம் உண்டு. நாலு கை அவர்களுக்கு ஒரு விஷயமே இல்லை.

சென்னையிலிருந்து:

நானும் சின்னதாக ஒன்று. தாய்லாந்தில் கிராபி போகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். தெற்கே 40 கிலோமீட்டர் அளவில் குளோங் தோம் என்ற ஊர், அங்கே ஒரு புத்த விகாரையோடு சேர்ந்த சின்ன அருங்காட்சியகம். பக்கத்து மேட்டில் கிடைத்த பாசிமணிகள் கண்ணாடிப் பெட்டிகளில் குவிந்திருக்கும். அவற்றோடு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கல்லும் உண்டு. அதில் தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று இருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. தங்கம் உரசிப் பார்க்கிற உரைகல், பெரும்பத்தன் என்ற பொற்கொல்லருடையது. தன் கல்லை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்றுதான் பெயர் வெட்டியிருப்பார் போல. நம் வீட்டில் அண்டாவில் பெயர் வெட்டுவதில்லையா, அதேதான். பஸ் குறைவு, ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.